தேதி தாண்டிய டின்கள்: எதைச் சாப்பிட்டோம், எதை எறிந்தோம்

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எங்கள் பகுதியில் பலரிடமும் ஒட்டிக்கொண்ட பழக்கம், ஐப்பசி பிறக்கும் முன்பே டின் உணவு வாங்கி அடுக்குவது. மழை ஏய்த்துவிட்ட ஆண்டுகளில் அவை அப்படியே தங்கிவிடும். சூரை மீன், கொண்டைக்கடலை, காளான், அன்னாசித் துண்டுகள், கன்டென்ஸ்டு மில்க், யாரோ கொடுத்த ரசகுல்லா என்று எல்லாமே எங்கள் வீட்டில் பல கோடைகளைப் பார்த்திருக்கின்றன.

முதலில் அந்தத் தேதி. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது ருசிக்கும் பதத்துக்கும் தயாரிப்பாளர் தரும் உறுதி, அவ்வளவுதான். மறுநாளே விஷமாகிவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. 'எக்ஸ்பயரி', 'யூஸ் பை' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் பேச்சே இல்லை, குப்பைதான். 1865இல் அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் மூழ்கிய பெர்ட்ரண்ட் என்ற நீராவிக் கப்பலை 1968இல் தோண்டி எடுத்தார்கள். அதிலிருந்த டின்களை 1974இல் சோதித்தபோது கிருமி வளர்ந்த அடையாளமே இல்லை. வைட்டமின் சி, ஏ மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தன.

இதைக் கேட்டுவிட்டுத் தைரியமாகப் பரணைத் திறக்க வேண்டாம். அவை கிடந்தது ஆற்றுச் சேற்றின் அடியில். நம் டின்கள் கிடப்பதோ மொட்டை மாடிக்கு நேர் கீழே, சித்திரை வெயிலில். காளான் போன்ற புளிப்பில்லாத உணவை டின்னில் மூடிச் சுமார் 121 டிகிரியில் வேகவைத்தாலும், சூட்டை விரும்பும் சில நுண்ணுயிரிகளின் வித்துகள் பிழைத்துவிடும். சாதாரண வெப்பத்தில் அவை உறங்கிக் கிடக்கும். 40 டிகிரியைத் தாண்டினால் விழிக்கும். ஒரே நாளில் வாங்கிய காளான் டின்களில் பரணில் இருந்தது புளித்துப்போயிருந்தது. சமையல் மேடைக்கு அடியில் இருந்தது நன்றாக இருந்தது. புளித்த டின் உப்பவும் இல்லை, அதன் தேதியும் முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் டின்கள் கட்டிலுக்கு அடியில்தான்.

அன்னாசி தனிக் கதை. புளிப்பு தகரத்தை மெல்ல அரிக்கும், ஹைட்ரஜன் வாயு சேரும், மூடி உப்பும். கிருமியால் உப்பியதா, வெறும் வாயுவா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே மூடியைக் கட்டைவிரலால் அழுத்துவேன். உள்ளே போய் 'டக்' என்று திரும்பி வந்தால் திறக்காமலே எறிவேன். பாலிதீனில் சுற்றி, மார்க்கர் பேனாவால் 'கெட்டது' என்று பெரிதாக எழுதித்தான் போடுவேன். பழைய தகரம் பொறுக்குபவர் திறந்து பார்க்கக்கூடும். துடைத்தால் போகும் துருவுக்கும், உடம்பில் விழுந்த சிறு நசுங்கலுக்கும் பயப்பட வேண்டாம். மூடியும் உடம்பும் சேரும் விளிம்பு நசுங்கியிருந்தால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களின் 'நாக்கு நுனியில் வைத்துப் பார்' சோதனையை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. நாக்கு கண்டுபிடிக்காது, கண்டுபிடிக்கப் போய் மாட்டிக்கொள்ளும்.

தேவையில்லாமல் பயமுறுத்துபவையும் உண்டு. மீன் டின்னில் ஒருமுறை கண்ணாடிச் சில்லு போல ஒன்று பல்லில் நெருடியது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், எலுமிச்சைச் சாற்றில் போட்டு லேசாகச் சூடாக்கிப் பார்த்தேன், கரைந்துவிட்டது. மீனிலேயே இருக்கும் மக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து உண்டாகும் ஸ்ட்ரூவைட் படிகம் அது, தீங்கற்றது. கண்ணாடியாக இருந்தால் கரையாது. டின்னின் உட்சுவர் கறுத்திருப்பதும் பெரும்பாலும் மீனின் கந்தகம் உலோகத்தோடு சேர்வதால்தான். கன்டென்ஸ்டு மில்க் பழுப்பேறிக் கெட்டியாகியிருந்தது. பாயசத்தில் போட்டோம், பால்கோவா வாசனை வந்தது. ரசகுல்லா கெடவில்லை, ஆனால் ரப்பராகிவிட்டது. யாரும் இரண்டாவது எடுக்கவில்லை.

இப்போது மீனும் கொண்டைக்கடலையும்தான் சேர்த்து வைக்க வாங்குகிறேன். புளிப்பில்லாத இவை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை தரம் குறையாமல் தாங்கும். அன்னாசியும் தக்காளியும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேண்டாம். பொங்கலுக்குள் மழை ஓய்ந்துவிட்டால் அவற்றை முதலில் தீர்த்துவிடுகிறோம். திறந்ததில் மிஞ்சியது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாறிக் குளிர்பெட்டிக்குப் போகிறது.