இடம் மாறிய இரண்டு ஏசிகள்: பாளையங்கோட்டை வீட்டில் எட்டுக் கோடை அனுபவம்

பாளையங்கோட்டையில், பெருமாள்புரத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு 2018 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு ஏசிகள் வாங்கினோம். கீழ்த்தளத்தில் அப்பாவும் அம்மாவும் படுக்கும் அறை 140 சதுர அடி. மாடியில் எங்கள் அறை 120 சதுர அடி. 120 சதுர அடி வரை ஒரு டன், அதற்கு மேல் 180 வரை ஒன்றரை டன் என்று கடையில் சொன்ன கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, கீழே ஒன்றரை டன்னும் மாடியில் ஒரு டன்னும் மாட்டினோம். இரண்டுமே இன்வெர்ட்டர் (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத, மூன்று நட்சத்திர ஸ்பிளிட் ஏசிகள். அவற்றை நேர்மாறாக மாட்டியிருக்க வேண்டும் என்பது மூன்று கோடைகள் கழிந்த பிறகே எங்களுக்கு உறைத்தது.

மாடி அறைக்கு மேலே மொட்டை மாடிதான் கூரை. மேற்குச் சுவருக்கு மரநிழலோ பக்கத்து வீட்டு மறைப்போ கிடையாது; பொதிகைப் பக்கம் சூரியன் இறங்கும் வரை வெயில் அதன்மேல்தான் விழும். அக்னி நட்சத்திர நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு 24 டிகிரியில் வைத்து ஏசியைப் போட்டால், நள்ளிரவில் மேசைமேல் இருக்கும் வெப்பமானி 28 காட்டும். கம்ப்ரசர் அதிகாலை இரண்டு மணிக்கு முன் ஒருமுறைகூட நின்றதில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் வந்து சேரவே இரவு எட்டரை ஆகிவிட்டது. கேஸ் அழுத்தம் சரியாக இருந்தது, ஃபில்டரும் சுத்தமாக இருந்தது. பிறகு நாற்காலியில் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவர், "அண்ணாச்சி, ஏசி மேல குத்தமில்ல. தட்டட்டில அடிச்ச வெயிலு பூரா இன்னும் இங்கனதான் நிக்கு. நீங்களே கைய வச்சுப் பாருங்க" என்றார். தட்டட்டி என்றால் எங்கள் பக்கம் மொட்டை மாடி. நானும் ஏறித் தொட்டேன். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் டன் என்பது என்ன என்று பொறுமையாகப் படித்தேன். அது இயந்திரத்தின் எடையோ அறையின் அளவோ அன்று. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதே வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன். மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) என்பார்கள், வாட் கணக்கில் ஏறக்குறைய 3,517. அப்படியானால் நாம் கணக்கிட வேண்டியது அறைக்குள் எவ்வளவு வெப்பம் வந்து சேருகிறது என்பதைத்தான். படுத்திருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து வருவது நூறு வாட்டுக்கும் குறைவு. வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரையோ, பகலில் சேர்த்து வைத்ததையெல்லாம் பொழுது சாய்ந்த பின்னும் மணிக்கணக்கில் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தரையை மட்டும் அளக்கும் சதுர அடிக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

போதாததற்கு, ஏசியின் திறன் வெளியே 35 டிகிரி இருக்கும் நிலையில் சோதித்து எழுதப்படுவது. எங்கள் ஊர் மே மாதத்தில் வெளிப்பெட்டியைச் சுற்றியுள்ள காற்று அதைத் தாண்டிவிடும். தாண்டத் தாண்டத் திறனும் குறையும். ஒன்றரை டன் என்று விற்கப்படும் எல்லாப் பெட்டிகளும் ஒரே திறன் கொண்டவையும் அல்ல. கணக்குப்படி 5,275 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 5,000-க்கும் குறைவாகக் கொடுப்பவையும் அதே பெயரில் கிடைக்கின்றன. நட்சத்திர லேபிளில் குளிரூட்டும் திறன் வாட்டில் அச்சிட்டிருக்கும். நான் முதல் முறை அதைப் பார்க்கவே இல்லை.

கீழறையின் சிக்கல் வேறு மாதிரியானது, அதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் ஆனது. அதற்கு மேலே இன்னொரு அறை இருக்கிறது, கிழக்கே வேப்பமரம் நிற்கிறது. கோடையில் பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடுவதால் நல்ல ஏசி என்றே பாராட்டிக்கொண்டிருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மட்டும் அம்மா, "குளிரத்தான் செய்யுது, ஆனா நசநசன்னு இருக்கு" என்பார்கள். விரிப்பைத் தொட்டால் நமத்த அப்பளம் போல இருக்கும். ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: கம்ப்ரசர் நான்கு நிமிடம் ஓடுகிறது, எட்டு நிமிடம் நிற்கிறது. காற்றிலுள்ள ஈரம், ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளான காயிலில் நீராகப் படிந்து குழாய் வழியே வெளியேற, காயில் தொடர்ந்து சில நிமிடங்களாவது குளிர்ந்திருக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிய ஏசி அறையை அவசரமாகக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுவதால், படிந்த நீரில் ஒரு பங்கை உள்ளே சுழலும் மின்விசிறியே மறுபடி அறைக்குள் ஊதிவிடுகிறது. வெளியே நீர்க்குழாயின் கீழ் வைத்த வாளியில் விடியும்போது கால்வாசிகூட நிரம்பியிருக்காது.

2021 பிப்ரவரியில் அதே மெக்கானிக்கை அழைத்து இரண்டையும் இடம் மாற்றினோம். கேஸை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்றியதால் அது வீணாகவில்லை. செப்புக் குழாய்களின் தடிமன் ஒன்றுக்கொன்று வேறுபட்டதால் குழாய்களையும் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது. சுவரில் புதுத் துளை, பூச்சு வேலை என்று இரண்டு நாள் வீடு முழுக்கப் புழுதி. அந்த மே மாதத்தில் மாடி அறை பத்தரை மணிக்குள் 25 டிகிரிக்கு வந்தது. கீழே ஒரு டன் ஏசி நிதானமாக ஓடியது. கார்த்திகையில் அதே வாளி முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியது.

மின்கட்டணத்தைப் பொறுத்தவரை பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கான விலைப்படியும் மாறிவிடுவதால், சித்திரை, வைகாசியில் இன்றும் கை சுடத்தான் செய்கிறது.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022-இல் மொட்டை மாடி ஒழுகியதால் வெள்ளை ஓடு பதித்தோம். அந்தக் கோடையில் கூரையின் சூடு குறைந்தது கைக்கே தெரிந்தது. இதை முதலில் செய்திருந்தால் மாடிக்கும் ஒரு டன்னே ஓரளவு ஈடுகொடுத்திருக்கலாம். இப்போது மழை இரவுகளில் மாடியில் ஒன்றரை டன் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் இருக்கிறது. ஈரத்தைக் குறைப்பதற்கான டிரை நிலையில் வைத்துச் சமாளிக்கிறோம். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் இந்தக் குறை பெருமளவு மறைந்திருக்கும். ஆனால் திறன் போதாத இன்வெர்ட்டரும் மே மாதத்தில் முழு வேகத்தில் மூச்சிரைக்க ஓடத்தான் வேண்டும்.

மாடி ஏசியின் கம்ப்ரசர் சமீபமாகக் கொஞ்சம் அதிர்கிறது, இன்னும் ஓரிரு ஆண்டுதான் தாங்கும் போலிருக்கிறது. அந்த இடத்துக்கு மறுபடி ஒன்றரை டன்னா, வெள்ளை ஓடு இருப்பதால் ஒரு டன் இன்வெர்ட்டர் போதுமா என்பதை, வரும் அக்னி நட்சத்திரத்தில் இரவு எட்டரை மணிக்கு நாற்காலியில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்.