வலம்புரியா, காந்தமா? மூலக்கூறு மின்னணுவியலில் நான் எடுத்த முடிவு

மூன்று வருடம் முன்னால் எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்குச் சின்னதாக ஒரு நிதி கிடைத்தது. எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) ஒரே ஒரு மூலக்கூறு அடுக்கை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். எந்த மூலக்கூறு என்பதில்தான் இழுபறி. ஒரு பக்கம் ஒற்றை மூலக்கூறு காந்தம், அதாவது தனி மூலக்கூறே காந்தமாக நடப்பது; மறுபக்கம் கைரல் மூலக்கூறு, அதாவது வலம்புரிச் சங்குபோல ஒரு பக்கமாக முறுக்கியது. நான் கைரல் பக்கம் போனேன். மதுரைப் பக்கம் இந்த வேலையைத் தொடங்க நினைக்கிற மாணவர்கள் கேட்டால் இன்றும் அதையே சொல்கிறேன்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதுபோலக் கோண உந்தமும் உண்டு. தற்சுழற்சியால் வரும் பங்கை ஒரு திசையில் அளந்தால் மேல், கீழ் என்று இரண்டே விடை. 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் காந்த உலோக அடுக்குகளில் இந்த வேறுபாடு மின்தடையையே மாற்றுவதைத் தனித்தனியே கண்டார்கள். ஹார்ட் டிஸ்க் படிக்கும் முனை அதிலிருந்து வந்தது. 2007-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதே வேலையை ஒரு மூலக்கூறிடம் வாங்க முடியுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

ஒற்றை மூலக்கூறு காந்தத்தின் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகத்தின் அயனியில் சுற்றுப்பாதைக் கோண உந்தம் 5, தற்சுழற்சி 5/2, இரண்டும் சேர்ந்து 15/2 என்ற பெரிய உந்தம். சுற்றியுள்ள கரிம வளையங்கள் அந்த உந்தத்தை ஓர் அச்சில் பிடித்து நிறுத்துகின்றன. அதனால் ஒரு மூலக்கூறே காந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்கிறது. கைரல் மூலக்கூறு எலக்ட்ரானை வடிகட்டும், ஆனால் இப்படி நினைவு வைத்துக்கொள்ளாது. நினைவகம்தான் உங்கள் குறி என்றால் காந்தத்தின் பக்கம் போவதே சரி.

கைரல் என்பதை நாம் சங்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். வலம்புரியும் இடம்புரியும் கண்ணாடிப் பிம்பங்கள், ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதாகாது. அப்படி முறுக்கிய மூலக்கூறு வழியாக எலக்ட்ரான் போகும்போது ஒரு திசைத் தற்சுழற்சி எளிதாகக் கடக்கிறது, மற்றது தடுமாறுகிறது. முறுக்கை மாற்றினால் கடக்கும் தற்சுழற்சியும் மாறுகிறது. 1999-இல் ரான் நாமன் குழு இதன் முதல் அறிகுறியைக் காட்டியது. 2011-இல் தங்கத்தின் மேல் நிறுத்திய டிஎன்ஏ அடுக்கிலிருந்து வெளிவந்த எலக்ட்ரான்களில் சுமார் 60 சதவீதத் தற்சுழற்சி முனைப்பை (ஒரு திசைத் தற்சுழற்சி மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்ற அளவு) அளந்தார்கள், அதுவும் அறை வெப்பநிலையில். கார்பன், நைட்ரஜன் போன்ற லேசான அணுக்களில் தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் உள்ள பிணைப்பு மிகச் சிறியது. அப்படியிருக்க இவ்வளவு பெரிய விளைவு எங்கிருந்து வருகிறது என்று கோட்பாட்டாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு, குறிப்பாகக் குளிர். 1993-இல் காந்த நினைவு காட்டிய மாங்கனீசு-12 மூலக்கூறுக்குத் திரவ ஹீலியக் குளிர் வேண்டும், அதாவது 4 கெல்வின் அளவு. ஹீலியத்துக்கு நம் நாடே இறக்குமதியை நம்பியிருக்கிறது. மூடிய சுற்றுக் குளிர்விப்பான் வாங்கினால் கம்ப்ரஸருக்கு இடைவிடாத மின்சாரமும் குளிர்நீரும் வேண்டும். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சார், சித்திரை வெயில்ல கரண்டு போனா இது எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்னிடம் பதில் இல்லை.

திரவ நைட்ரஜன் என்றால் கதை வேறு. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர்கள் கொண்டுவரும் குடுவையில் இருப்பதே அதுதான், நம் ஊரிலேயே கிடைக்கும். அதன் கொதிநிலை 77 கெல்வின். 2018-இல் வந்த ஒரு டிஸ்ப்ரோசியச் சேர்மம் 80 கெல்வினில் காந்த நினைவு காட்டியது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் அது காற்றும் ஈரமும் படாமல் வைக்க வேண்டிய சேர்மம். ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்ளேயே வாழ வேண்டும், அந்தப் பெட்டிக்கும் ஒரு பராமரிப்புச் செலவு உண்டு.

கைரல் பக்கம் எங்களுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: கந்தகமுனை உள்ள அலனின் பெப்டைடு (அலனின் என்ற அமினோ அமிலம் கோத்த, முறுக்கிய சங்கிலி), அதைத் தாங்க நிக்கல் மேல் மெல்லிய தங்கப் பூச்சு, அடியில் ஒரு நிலைக்காந்தம், மின்னோட்டம் அளக்கும் அணுவிசை நுண்ணோக்கி. கந்தகம் தங்கத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். காந்தத்தைத் திருப்பினால் நிக்கலிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சித் திசையும் மாறும். காந்தத்தை மேல்நோக்கி வைத்து ஒருமுறை, கீழ்நோக்கி வைத்து ஒருமுறை அளந்து, இரண்டு மின்னோட்டங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் முனைப்பு வந்துவிடும்.

சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் தொகுதியில் தங்கப் பூச்சு போதவில்லை. அடியில் இருந்த நிக்கல் ஆக்சைடாகி, ஒரு மாத அளவீடு வீணானது. ஒரே பரப்பில் நுண்ணோக்கியின் நுனியைப் பத்து இடத்தில் வைத்தால் பத்து விதமான மின்னோட்ட வளைகோடு வரும், நூற்றுக்கணக்கில் எடுத்துச் சராசரி பார்த்தால்தான் எண்ணை நம்ப முடியும். அப்புறம், ஒற்றை மூலக்கூறு காந்தத்தை நானே குளிர்வித்து அளந்தது கிடையாது. வேறோர் ஆய்வகத்தில் இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. அதனால் அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெப்டைடு மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இருக்கிறது. போன மாதம் அரை நாள் மின்சாரம் இல்லை. மறுநாள் அதே குப்பியிலிருந்து அடுக்கு போட்டு அளந்தோம், வளைகோடுகள் பழையபடியே வந்தன.