மாடியில் ஸ்டீல் ஃபிரேம் போடுகிறீர்களா? பைப்பை எடை போட்டுப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் பழைய வீட்டுக்கு மேல் மாடி எடுக்க நினைத்தோம். பார்க்க வந்த இன்ஜினியர், இந்த அஸ்திவாரத்தின் மேல் செங்கல் சுவர் வேண்டாம், ஸ்டீல் ஃபிரேமில் போங்கள் என்றார். யோசனை சரியானதுதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். இரும்புச் சட்டத்தில் இரு பக்கமும் சிமெண்ட் போர்டு அடித்த சுவர் அதில் எட்டில் ஒரு பங்குகூட வராது. கோளாறெல்லாம் வேலை எடுத்த பேப்ரிகேஷன்காரரிடம்.

முதல் கொட்டேஷனில் தூணுக்கு 100×100 மி.மீ. ஸ்கொயர் பைப், தகட்டின் தடிமன் 4 மி.மீ. என்று தெளிவாக இருந்தது. ரேட் சதுர அடிக் கணக்கு. அட்வான்ஸ் வாங்கியபின் வந்த திருத்திய கொட்டேஷனில் '100×100 ஹெவி பைப்' என்று மட்டும் இருந்தது. கேட்டேன். "அதேதான் சார், டைப் பண்ண பையன் விட்டுட்டான்" என்றார்.

தூண் நட்டபின் தடிமனைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. கீழே பேஸ் பிளேட், மேலே மூடித் தகடு, இரண்டும் வெல்டிங். பழைய இரும்பு எடுக்கிறவர் வந்ததால்தான் குட்டு உடைந்தது. மாடியில் கிடந்த வெட்டுத் துண்டுகளை அவர் தராசில் போட்டார். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டு, முள் ஒன்பது கிலோவைத் தொடவே திணறியது. என் மச்சான் ஒரு ஷெட்டில் ஃபிட்டர். "மாமா, 4 எம்எம்னா மீட்டருக்கு பதினொண்ணே முக்கால் கிட்ட வரணுமே" என்று தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியைக் கொண்டுவந்து விளிம்பில் வைத்தான். 3 கூட முழுதாக இல்லை. தயாரிப்பில் கொஞ்சம் முன்பின் இருக்கும்தான். அதற்காக நாலு, மூன்று ஆகிவிடாது. இருபது அடி பைப் ஒன்றுக்கு 70 கிலோ வரவேண்டிய இடத்தில் 54 கிலோ. மிச்சம் 16 கிலோவுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

கூரைச் சட்டத்திலும் இதே கதை. 16 கேஜ் என்று பேச்சு, அதாவது 1.6 மி.மீ. போட்டது 18 கேஜ், 1.2 மி.மீ. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியாது. "பதினெட்டு போட்டிருக்கேன் சார், பெரிய சைஸ்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்ன ஆள் அவர்!

பைப்பைவிட என்னைப் பயமுறுத்தியது அடிப்பாகம். தளத்துக் கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் ரசாயனப் பசையால் ஒட்டிப் பிடிக்கும் போல்ட், வைத்து இறுக்குவதாகப் பேச்சு. வைத்தது சாதாரண ஆங்கர் போல்ட், அதுவும் நாலு ஓட்டைக்கு இரண்டு. ஒன்றில் ஸ்பேனர் போட்டதும் போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் மாடியில் மேலே தட்டோடு, அதன் கீழே செங்கல்ஜல்லிச் சுண்ணாம்பு, அப்புறம்தான் கான்கிரீட். அவருடைய போல்ட் சுண்ணாம்போடு நின்றுவிட்டது. லேசான கட்டடத்தைப் புயல் கீழே அமுக்காது, மேலே தூக்கப் பார்க்கும். காற்றுப் பாரத்துக்கான ஐஎஸ் 875 விதிநூல் பக்கத்துப் புதுச்சேரிக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் வாங்கிவிட்டால் துரு பிடிக்காது என்று நம்பாதீர்கள். வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். அங்கே தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகம் அதிகமுள்ள ஜிங்க் ரிச் பெயிண்ட் அடிக்க வேண்டும். எனக்கு அடித்தது வெறும் சில்வர் பெயிண்ட். கடல் காற்றுக்கு அது எந்த மூலைக்கு? முதல் மழையிலேயே ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் செம்மண் நிறத்தில் கோடு இறங்கியது. உள்பக்க இணைப்புகளில் முழு வெல்டிங் கிடையாது, அங்கங்கே பொட்டு வைத்துப் பட்டி தடவியிருந்தார்கள்.

எனவே கொட்டேஷனில் தடிமனை மி.மீட்டரில் எழுதி வாங்குங்கள். இரும்பை கிலோ கணக்கில் பேசுங்கள். லோடு வண்டியை எடை மேடையில் ஏற்றி ரசீது வாங்குங்கள், கடைக்காரர் பில்லையும் சேர்த்துக் கேளுங்கள். பைப் வந்த அன்றே, முனை மூடும் முன் அளந்துவிட வேண்டும். மூடிய தூணையும் அல்ட்ராசானிக் கருவி வைத்து வெளியிலிருந்தே அளக்கலாம், இன்ஜினியர் எங்களுக்கு அப்படித்தான் அளந்து எழுதிக் கொடுத்தார். பிரச்சினை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

அந்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. கடைசித் தவணையை நான் கொடுக்கவில்லை. அந்தப் பணத்தில் குறுக்குச் சட்டங்கள் சேர்த்து, கான்கிரீட் வரை துளையிட்டு ஆங்கர்களை மாற்றும் வேலை வேறு ஆளை வைத்து நடக்கிறது. அளவு அறிக்கை, வெட்டுத் துண்டு, இரண்டு கொட்டேஷன் எல்லாம் வக்கீலிடம் இருக்கின்றன.