இடிசிகீப்பர்: சர்வர் நிறுவிய அன்றே போட்டுவிடுங்கள்

கல்லூரி ஆய்வகத்துக்கு டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் புதிதாக நிறுவினால், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வேலை செய்கிறதா என்று பார்த்த கையோடு நான் போடுவது இடிசிகீப்பர். ஜோயி ஹெஸ் எழுதிய இலவச மென்பொருள், 2007 முதல் இருக்கிறது. லினக்ஸில் சர்வரின் அமைப்புகள் பெரும்பாலும் இடிசி (/etc) கோப்புறைக்குள்தான் கிடக்கும். அந்தக் கோப்புறை முழுவதையும் இது ஒரு கிட் ரெப்போவாக, அதாவது ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் சேமிக்கும் களஞ்சியமாக, மாற்றிவிடுகிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவும்போதே முதல் கமிட்டும் (அந்த நேரத்து நிலையின் பதிவு) விழுந்துவிடும்.

இடிசிக்குள் நேரடியாக 'கிட் இனிட்' கட்டளை போட்டு ரெப்போ ஆக்கினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. கோப்பின் உரிமையாளர் யார், யார் யார் படிக்கலாம் என்பதையெல்லாம் கிட் நினைவில் வைப்பதில்லை. கடவுச்சொல் ஹாஷ்கள் (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவம்) இருக்கும் ஷேடோ கோப்பு எல்லோரும் படிக்கிற மாதிரி திரும்பி வந்தால் என்ன ஆகும்? இடிசிகீப்பர் இந்த விவரங்களையும், கிட் கண்டுகொள்ளாத காலிக் கோப்புறைகளையும் தனிக் கோப்பில் எழுதி வைக்கிறது. மீட்டெடுத்த பிறகு 'இடிசிகீப்பர் இனிட்' என்று ஒருமுறை கொடுத்தால் அனுமதிகள் பழையபடி அமர்கின்றன. ரெப்போவையும் 700 அனுமதியில், ரூட் (தலைமை நிர்வாகிக் கணக்கு) மட்டுமே திறக்கும்படி வைக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டோடு சேர்ந்து வேலை செய்வது. எதை நிறுவினாலும், பதிவாகாத மாற்றம் இருந்தால் அதற்கு முன் ஒரு கமிட், நிறுவியதால் இடிசியில் ஏதாவது மாறினால் முடிந்ததும் இன்னொரு கமிட். எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குப் போனது என்பதும் கமிட் செய்தியிலேயே வந்துவிடும். சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை இயக்கும் கருவி) வழியாகச் செய்திருந்தால் செய்தவரின் பயனர்பெயரும் பதிவாகிறது.

டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாற்றியபோது இதன் அருமை ஆய்வகம் முழுவதற்கும் தெரிந்தது. இணையப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்விட் ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று, ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜ்களை நிறுவும் டிபேக்கேஜ் கேட்கும். அப்போது திரையின் முன் இருந்தவர் 'ஒய்' (புதியதைப் போடு) கொடுத்துவிட்டார். புதிய கோப்பு ஆய்வகக் கணினிகள் எதையும் உள்ளே விடாது. காலை வகுப்பில் எல்லாத் திரையிலும் அனுமதி மறுப்பு. பழைய பதிவோடு வேறுபாட்டைக் காட்டும் கிட் டிஃப் போட்டதும், ஆய்வக ஐபி வரம்புக்கு எழுதியிருந்த வரிகளும் தேர்வு நேரத் தடையும் மைனஸ் குறியோடு சிவப்பில் வரிசையாக வந்தன. அந்த ஒரு கோப்பை மட்டும் பழைய கமிட்டிலிருந்து எடுத்துப் போட்டு ஸ்க்விட்டை மறுபடி படிக்கச் சொன்னோம். வகுப்பு தொடர்ந்தது. டிபேக்கேஜும் பழைய கோப்பை 'டிபேக்கேஜ்-ஓல்ட்' என்று ஓரமாக வைக்கும், உண்மைதான். ஆனால் அது கடைசிப் பிரதி மட்டுமே. அந்தத் தேர்வு நேர வரி எப்போது, எதற்காக வந்தது என்று அதில் தெரியாது.

அதனால்தான் கையால் எதை மாற்றினாலும் உடனே 'இடிசிகீப்பர் கமிட்' கொடுத்துக் காரணத்தைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். 'முதல்வர் அறை பிரிண்டருக்கு நிலையான ஐபி' என்று ஒரு வரி போதும், அடுத்து வருபவருக்குப் புரியும். இதைச் செய்யாமல் விட்டால், நாளுக்கொருமுறை ஓடும் தானியங்கிக் கமிட் எல்லா மாற்றத்தையும் காரணமில்லாமல் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அதை நிறுத்த அமைப்புக் கோப்பில் வழி இருக்கிறது. நான் நிறுத்தவில்லை, காரணம் தெரியாத பதிவு, பதிவே இல்லாததைவிட மேல்.

குறை என்றால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நிறுவியதோடு விட்டால் ரெப்போ அதே டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் வரலாறும் சேர்ந்து போகும். இடிசிகீப்பரின் அமைப்புக் கோப்பில் புஷ் ரிமோட் என்ற வரியில் வெளி ரெப்போவின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு கமிட்டும் தானாகவே அங்கே போய்ச் சேரும். இந்த வரி முதலில் காலியாக இருக்கிறது; நிறுவும்போதே இதைக் கேட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும். ஆனால் எங்கே அனுப்புகிறோம் என்பதில் மிகவும் கவனம் வேண்டும். கடவுச்சொல் ஹாஷ், எஸ்எஸ்எச் சாவி, வைஃபை ரகசியம் எல்லாம் இந்த ரெப்போவுக்குள் இருக்கின்றன. பொது ரெப்போ பக்கமே போகாதீர்கள். நாங்கள் இன்னொரு கட்டடத்தில் உள்ள கணினிக்கு எஸ்எஸ்எச் வழியாக அனுப்புகிறோம். அதில் நுழையும் உரிமை இருவருக்குத்தான்.

இடிசிக்கு வெளியே இருப்பது எதையும் இது தொடாது. பயனர்களின் ஹோம் கோப்புறை, டேட்டாபேஸ், வலைத்தளக் கோப்புகளுக்கெல்லாம் வேறு ஏற்பாடு தேவை. நிறுவியுள்ள பேக்கேஜ்களின் பட்டியலை மட்டும் நான் டிபேக்கேஜிடம் வாங்கி, இடிசிக்குள்ளேயே ஒரு கோப்பாக வாரந்தோறும் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலை செய்யும் வசதி) எழுத வைத்திருக்கிறேன். புதுக் கணினியில் முதலில் அந்தப் பட்டியல்படி நிறுவி, பிறகு அமைப்புகளைக் கொண்டுவந்தால் வேலை பாதியாகக் குறைகிறது.