'7 நாள் ஏஜிங்' மட்டன் என்று 5,900 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

போன ஞாயிறு அல்சூரில் எங்கள் வீட்டில் சின்னவளுக்குக் காதுகுத்து. 25 பேருக்குச் சாப்பாடு. வழக்கமாக சிவாஜிநகர் பாய் கடையில்தான் கறி எடுப்போம். இந்த முறை வேலை நெருக்கடியில், ஒரு செயலியில் '7 நாள் ஏஜிங் செய்த பிரீமியம் மட்டன், வெண்ணெய்போல் வேகும்' என்று போட்டிருந்ததை நம்பி 5 கிலோ சொல்லிவிட்டேன். ஏஜிங் என்றால் வெட்டிய கறியைச் சில நாள் குளிரில் வைத்து மெத்தென்று ஆக்குவது. கிலோ 1,180 ரூபாய். கடையின் பெயரை இங்கே போடவில்லை. யாராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

சனிக்கிழமை மாலை பாதி உறைந்த நிலையில் பொட்டலங்கள் வந்தன. இரவு வெளியே எடுத்து வைத்தோம். காலையில் பார்த்தால் ஒவ்வொரு பொட்டலத்திலும் ரத்தநிறத் தண்ணீர் தளும்புகிறது. அத்தை அப்போதே முகம் சுளித்தார்கள். நான்தான் "பிரீமியம் அத்தை, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நாலு விசில், வேகவில்லை. எட்டு விசில், துண்டு பாதியாகச் சுருங்கியதே தவிர மெத்தென்று ஆகவில்லை. மாமா ஒரு துண்டை ஐந்து நிமிடம் மென்றுவிட்டு, பல்செட்டைக் கழற்றித் தட்டோரம் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

விருந்து முடிந்ததும் பொட்டலத்தின் பின்பக்க ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். வெட்டிய தேதியும் பேக் செய்த தேதியும் ஒரே நாள், வெள்ளிக்கிழமை! சனிக்கிழமை வீட்டுக்கு வந்த கறிக்கு எங்கிருந்து 7 நாள்?

நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படித்தவன். வேலை மென்பொருளில். படிப்பு முதல்முறையாக உதவியது இந்தக் கறி விஷயத்தில்தான், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு.

தசைச் செல்லுக்குள் கால்பெய்ன் என்று ஒரு நொதி இருக்கிறது. கால்சியம் வந்தால்தான் அது வேலை செய்யும். உயிரோடு இருக்கும்போது செல் தன் கால்சியத்தைப் பைகளில் பூட்டி வைத்திருக்கும். சுருங்க வேண்டிய கணத்தில் மட்டும் திறந்துவிடும். ஆட்டை வெட்டிய பிறகு செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தீர்ந்துபோக, பூட்டி வைக்க ஆளில்லாமல் கால்சியம் மெல்லக் கசியும். முதலில் தசை விறைக்கும். அப்புறம் கால்பெய்ன் விழித்துக்கொண்டு டெஸ்மின், டைட்டின் போன்ற புரதங்களை நறுக்கும். இழைகளைக் கட்டிவைக்கும் கயிறுகள் அவை. கயிறு அறுந்தால் கறி மெத்தென்று ஆகும். 0 முதல் 4 டிகிரி குளிரில் உடலை முழுசாகத் தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பதன் ரகசியம் இவ்வளவுதான். கால்பாஸ்டேடின் என்ற இன்னொரு புரதம் இதற்குக் கடிவாளம் போடும். அது மிகுதியாக உள்ள சில செம்மறி ஆடுகளின் கறி எத்தனை நாள் வைத்தாலும் முரடாகவே இருக்கும்.

அவசரப்பட்டால் இதே கால்சியம் எதிராளி ஆகிவிடும். விறைப்பு ஏறும் முன்பே கறியை எலும்பிலிருந்து பிரித்து உறையவைத்தால், பனிப்படிகங்கள் அந்தப் பைகளைக் கிழித்துவிடும். உருகும்போது கால்சியம் மொத்தமாகக் கொட்டும், ஏ.டி.பி.யும் மிச்சம் இருக்கும். பிடித்து வைக்க எலும்பு இல்லாத இழை ஒரேயடியாகச் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும். எங்கள் பொட்டலத்தில் தளும்பியது அதுதான் என்று நினைக்கிறேன். கிழட்டு ஆடாக இருந்திருந்தால் அதன் முரட்டுத்தனம் கொலாஜனால் வருவது. விசில் கூடக்கூட இளகியிருக்கும். இது இளகவே இல்லை.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி, "சார், ஃப்ரீசர்ல ஏழு நாள் வெச்சதும் ஏஜிங்தான் சார்" என்றார். இல்லை. உறைந்த கறியில் அந்த நொதி கிட்டத்தட்ட நின்றுவிடும். அதைச் சொன்னதும், "பப்பாளிக்காய் போட்டீங்களா சார்?" என்று கேட்டார். பப்பாளிக்காய் போட வேண்டிய கறிக்கு ஏனப்பா 1,180 ரூபாய்? கடைசியில் 200 ரூபாய் கூப்பன் தந்தார்கள், அதுவும் அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாமாம்.

இந்த மாதிரி விளம்பரம் பார்த்தால் வெட்டிய தேதி, பேக் செய்த தேதி இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழு உடலாகத் தொங்கவிட்டார்களா, துண்டுபோட்ட பிறகு குளிரில் வைத்தார்களா என்றும் கேளுங்கள். பொட்டலத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் டெலிவரி பையன் படியிறங்கும் முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் செய்ததுபோல் மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். ஸ்டிக்கரை உரித்துப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம்.

சமைக்காமல் மிஞ்சிய ஒன்றரைக் கிலோவை அத்தை கைமாவாக அரைத்துக் கோலா உருண்டை போட்டுவிட்டார்கள். மாமா எட்டு சாப்பிட்டார்.