பழைய ஃபோர் வீல் டிரைவுக்கு சஸ்பென்ஷன் போல்ட் செட்: தலையில் 10.9 இருந்தால் மட்டும் போதாது

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கென்று மொத்தமாக விற்கிற சஸ்பென்ஷன் போல்ட் செட் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தேன். அச்சை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கிற கண்ட்ரோல் ஆர்ம், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பான்ஹார்ட் ராட், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றுக்கும் போல்ட், நட், வாஷர் ஒரே பெட்டியில் வருகிறது. பாதி நல்ல சாமான், மீதியை நான் வண்டியில் விடவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது போல்ட் தலையில் அடித்திருக்கிற எண்ணை மட்டும்தான்.

எண்ணில் குறை இல்லை. எல்லாத் தலையிலும் 10.9 தெளிவாக இருக்கிறது, அதாவது இழுவலிமை 1000 மெகாபாஸ்கல், அதில் பத்தில் ஒன்பது பங்கு, 900 வரைக்கும் இழுத்தாலும் போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாது. 8.8 என்றால் இதே கணக்கு 800, 640 என்று இறங்கும். இஞ்ச் அளவு போல்ட் வருகிற வண்டி வைத்திருப்பவர்கள் தலையில் கோடுகளை எண்ணிப் பார்க்கலாம்: ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, ஏறக்குறைய 10.9-க்குச் சமம், மூன்று கோடு கிரேடு 5, அது 8.8 பக்கம்.

சிக்கல் தண்டில். ஆர்மின் முனையில் போல்ட் முதலில் பிராக்கெட்டின் ஒரு காதுக்குள் போகிறது, அப்புறம் புஷ்ஷின் (ஆர்ம் முனையில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் உருளை) உள் ஸ்லீவ், அதாவது நடுவில் இருக்கிற உலோகக் குழாய், அப்புறம் மறு காது, கடைசியில் நட். என் வண்டியில் இருந்த ஒரிஜினல் போல்ட்டில் மரை இல்லாத வழவழப்பான தண்டு இரண்டாவது காதுக்குள்ளும் போய் நிற்கும், மரை நட்டுக்கு மட்டும்தான். இந்த செட்டில் நீளமான போல்ட்டுகளில் மரை முன்னாலேயே தொடங்கிவிடுகிறது, இரண்டாவது காது முழுக்க மரை மேலேயே உட்கார்கிறது. மரையின் முகடுகள் மட்டும் ஓட்டையைத் தொடும், கொஞ்சம் லூசானால் போதும், அரம் மாதிரி அராவி ஓட்டையை நீள்வட்டமாக்கிவிடும். அதோடு பருமனும் குறைகிறது: 12 மி.மீ. போல்ட்டின் தண்டுக்குக் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ., சாதாரண 1.75 மி.மீ. இடைவெளி மரை வெட்டிய இடத்தில் கணக்குக்கு எடுப்பது 84 தான்.

போல்ட் சரியாக இறுகி இருந்தால் இரண்டு காதும் ஸ்லீவை அழுத்திப் பிடிக்கும், அந்த உராய்வுதான் சுமையைத் தாங்கும், போல்ட் மேல் வெட்டு விசை அவ்வளவாக வராது, அப்புறம் மரை எங்கே இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. புது வண்டிக்கு அது ஒத்துவரலாம். பழைய வண்டியில் பிராக்கெட் துருவால் மெலிந்திருக்கும், காது கொஞ்சம் விரிந்திருக்கும், கல்லிலும் பள்ளத்திலும் ஓட்டுகிற வண்டி வேறு. பிரேக் போடும்போது கீழே 'டக்' என்று கேட்க ஆரம்பித்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓட்டை நீள்வட்டமான பிறகு எவ்வளவு நல்ல போல்ட் போட்டும் பயனில்லை, தகடு வைத்து வெல்டிங்தான்.

'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ., அந்த ஓட்டையில் 12 மி.மீ. போல்ட்டைப் போட்டால் உள்ளே போகும், நட்டும் இறுகும், 0.7 மி.மீ. ஆட்டம் முதல் நாளிலிருந்தே இருக்கும். மில்லிமீட்டர் அளவிலேயும் 12-க்கு 1.25, 1.5, 1.75 என்று மூன்று மரை இடைவெளி புழக்கத்தில் உண்டு, பழைய நட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். வெர்னியர், மரை கேஜ் இரண்டும் இல்லாமல் பழைய வண்டிக்கு போல்ட் வாங்கக் கிளம்பாதீர்கள்.

பாராட்ட வேண்டியதையும் சொல்கிறேன். நட்டுகள் கிளாஸ் 10, போல்ட்டுக்குச் சரியான ஜோடி, பிடிப்பும் நன்றாக இருந்தது. ஷாக் அப்சார்பருக்கு வந்த போல்ட்டுகளில் தண்டின் நீளமும் சரி, அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். வாஷர்கள் மட்டும் மெத்து, இறுக்கும்போதே தலைக்குக் கீழே பள்ளம் விழுந்தது, அதனால் கடினமாக்கிய வாஷர் தனியாக வாங்கிப் போட்டேன். அலைன்மென்ட்டுக்கான கேம் போல்ட்டுகளில் (திருப்பினால் சக்கரக் கோணம் மாறுகிற போல்ட்டுகள்) வாஷருக்கும் தண்டுக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தது, அவற்றைத் தொடவே இல்லை.

சில விற்பனையாளர்கள் இதே செட்டை ஸ்டெயின்லெஸ்ஸிலும் தருகிறார்கள், துரு பிடிக்காது என்பதுதான் கவர்ச்சி. சாதாரணமாகக் கிடைக்கிற ஏ2-70 வகைக்கு இழுவலிமை 700, நீள ஆரம்பிப்பது 450-இல், அதாவது 10.9-இன் பாதி. இறுக்கும்போதே மரை ஒன்றோடொன்று கடித்துப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. சஸ்பென்ஷனுக்கு வேண்டாம். மறுபக்கம் 12.9 இன்னும் பலம்தானே என்று மின்முலாம் பூசியதை வாங்குவதும் ஆபத்து, முலாம் பூசும்போது உள்ளே போகும் ஹைட்ரஜன் அவ்வளவு கடினமான எஃகை முறுகலாக்கி, எந்த அறிகுறியும் இல்லாமல் பின்னால் ஒருநாள் உடைய வைக்கும்.

கடைசியில் ஆர்ம்களுக்கும் கேமுக்கும் வண்டி கம்பெனியின் பாகங்களே வாங்கினேன். பாகம் எண் கொடுத்தும் கிடைக்காத ஒரே ஒரு போல்ட்டுக்கு, தொழிற்சாலைகளுக்கு போல்ட் விற்கிற கடையில் தேவையைவிட நீளமான, தண்டு அளவு சரியாக இருக்கிற 10.9 எடுத்து, மரைப் பக்கத்தில் மிச்சத்தை வெட்டிக்கொண்டேன். வெட்டிய முனைக்கு பெயின்ட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேதான் துரு தொடங்கும்.

இறுக்குவதைப் பற்றி செட்டோடு வந்த தாளில் ஒரு வரியும் இல்லை. ரப்பர் புஷ் இருக்கிற இடமெல்லாம் வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மேனுவலில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர டார்க் அளவு, அதாவது எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்க வேண்டும் என்பது, உலர்ந்த மரைக்கானது, எண்ணெய் தடவிவிட்டு அதே அளவுக்குப் போனால் போல்ட் அதிகமாக இழுபடும்.