அணிவகுப்பா, அணி முறையா? சேலத்துச் சாரணர் படைகள் ஓர் ஒப்பீடு

சேலம் பக்கத்துப் பள்ளிகளில் சாரணர் படையை இரண்டு விதமாக நடத்தலாம். ஒன்று, கொடியேற்றத்துக்கும் விருந்தினர் வரவேற்புக்கும் சீருடை போட்டு நிற்கும் படை. இன்னொன்று, வாரந்தோறும் அணி அணியாகக் கூடும் படை. முதலாவதை நடத்துவது சுலபம். சேர்க்கையும் குறையாது. ஆனால் எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் நழுவத் தொடங்குவது அங்கேதான். 32 பேருக்கும் ஒரே ஆசிரியர் கட்டளையிட்டால், வராத பையனை யாரும் தேடுவதில்லை.

அணி என்றால் 6 முதல் 8 பேர். 1907-இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமே நான்கு அணிகளாகத்தான் நடந்தது. அணித் தலைவனுக்குச் சொந்தப் பொறுப்பு வேண்டும்: கயிற்றுப் பெட்டி, வருகைப் பதிவு, அடுத்த வாரத் திட்டம். ஆசிரியர் நான்கு தலைவர்களிடம் பேசினால் போதும், தலைவன் தன் ஏழு பேரிடம் பேசுவான். பிள்ளையை நிறுத்தி வைப்பது அந்த ஏழு பேரின் நட்புதான்.

முடிச்சுப் பாடத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். கரும்பலகையில் வரைந்து காட்டிய குளோவ் ஹிட்ச் முடிச்சு ஒரு வாரத்தில் மறந்துபோகும். இரண்டு மூங்கில்களைக் குறுக்காக வைத்து, குளோவ் ஹிட்சில் தொடங்கி, மூன்று சுற்று சுற்றி, இடையில் இரண்டு சுற்று இறுக்கி, மறுபடி குளோவ் ஹிட்சில் முடித்தவன் மறக்கமாட்டான். அந்த இடைச்சுற்றை விட்டுவிட்டால் கட்டு ஆடும். நைலான் வழுக்கும், பருத்திக் கயிறு நல்லது.

அடுத்தது ஏற்காடு. பேருந்தில் போய் ஏரியையும் பூங்காவையும் பார்த்துத் திரும்பினால் அது சுற்றுலா. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில்வரை வரைபடமும் திசைகாட்டியும் பார்த்து அணியே வழி சொல்லி நடந்தால்தான் அது சாரணர் நடைப்பயணம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒரு மழைச்சட்டை, அணிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கலாம், காலையிலேயே கிளம்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் பிள்ளைகளை நடத்தவே கூடாது. வனத்துறை அனுமதியில்லாமல் அடுப்பு மூட்டவும் கூடாது, மாசி முதல் சித்திரைவரை சருகு காய்ந்து கிடக்கும்.

அணி முறைப் படையையும் உடைப்பது பத்தாம் வகுப்பு. சாரணர் பயிற்சியில் பிரவேஷ் என்ற தொடக்க நிலை முதல் திருதிய சோபான் என்ற மூன்றாம் படிவரை முடிக்கவே இரண்டு ஆண்டுக்குமேல் ஆகும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவன் ஒன்பதாம் வகுப்பிலேயே அடுத்த கட்டமான ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதுக்குத் தயாராகிவிடுவான். எட்டில் சேர்ந்தவனுக்கு அது பொதுத்தேர்வோடு மோதும், வீட்டில் "போதும்பா" என்பார்கள். என்.சி.சி. (தேசிய மாணவர் படை) இங்கே முந்துகிறது: எட்டு, ஒன்பது என இரண்டே ஆண்டில் அதன் முதல் நிலையான ஏ சான்றிதழ் கையில். காவல்துறை, ராணுவக் கனவுள்ள பிள்ளைக்கு அதுவே பொருத்தம், தடுக்காதீர்கள். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டுதான், ஆனால் இடங்கள் சிலவே. வேலை ஆசை காட்டிச் சேர்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் பிளஸ் 1-க்கு வேறு பள்ளி போகும்போது, ஒவ்வொரு சோபான் சான்றிதழையும் தேர்ச்சித் தேதிகளையும் நகல் எடுத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள். அந்தத் தாள் இல்லாமல் புதுப் பள்ளியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது கடினம்.